மேற்குச் சுவருக்கு வேப்பம்பலகை

சென்னை
12.11.1978

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி மலையாண்டி எழுதுவது. மழையில் நனைந்து இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தேன். இப்போது தேறிவிட்டேன், கவலைப்படாதே. நீ, மச்சான், பேச்சி மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? பேச்சி ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாளா?

ஒரு நல்ல செய்தி. வாடிப்பட்டிக்கு வெளியே திண்டுக்கல் ரோட்டை ஒட்டி, ஒரு அறக்கட்டளை பிரசவ ஆஸ்பத்திரி கட்டப்போவதாக ஊரில் பேசிக்கொண்டார்களே, அந்தக் கட்டடத்துக்கு வரைபடம் போடும் வேலை எங்கள் ஆபீசுக்கு வந்திருக்கிறது. நான் அந்தப் பக்கத்துக்காரன் என்பதால் எங்கள் தலைமை ஆர்க்கிடெக்ட் அதை என் கையில் கொடுத்துவிட்டார். வேலைக்குச் சேர்ந்து நான்கு வருஷத்தில் முழுசாக என் பொறுப்பில் வரும் முதல் கட்டடம் இதுதான்.

மனை நீளவாக்கில் கிடப்பதால் வார்டின் பெரிய சுவர் மேற்கைப் பார்க்கிறது. நம் ஊர் வெயிலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா? பகலெல்லாம் குடித்த சூட்டைச் செங்கல் சுவர் விடியும்வரை கக்கிக்கொண்டே இருக்கும். பிள்ளை பெற்றவள் அதன் ஓரத்தில்தான் படுக்க வேண்டும். அதனால் அந்தச் சுவருக்கு வெளியே, ஒரு சாண் இடைவெளி விட்டு, மேலிருந்து கீழ்வரை மரப்பலகையால் ஒரு போர்வை போடலாம் என்று வரைந்திருக்கிறேன். வெயில் பலகையில் அடிக்கும். நடுவில் இருக்கிற காற்று சூடாகி மேலே ஏறிப் போய்விடும். சுவர் குளிர்ந்து நிற்கும்.

ஆபீசில் எல்லோரும் தேக்கு என்கிறார்கள். மலையாளத்திலிருந்து லாரியிலும், வெளிநாட்டிலிருந்து கப்பலிலும் ஏன் மரம் வர வேண்டும்? எங்கோ ஒரு காட்டை மொட்டையடித்துக் கொண்டுவந்து நம் ஊர்ச் சுவரில் அறைய வேண்டுமா? நம் வரப்பில் நிற்கிற வேம்பும் வாகையும் போதாதா? வேம்பைக் கறையான் தொடாது. வெட்டின இடத்திலேயே கன்று வைத்தால் பேச்சி பேரன் பேத்தி எடுப்பதற்குள் திரும்ப மரமாகிவிடும். கட்டடம் நிற்கிற மண்ணிலேயே அதற்கான மரமும் வளர்ந்திருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

மச்சான் மரவாடியிலிருந்தே பலகை வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். சொந்தக்காரர் என்பதற்காக இல்லை. உக்கிரபாண்டி கொடுத்த மரம் என்றால் மதுரைவரை மறுபேச்சு இல்லை என்பது உனக்கே தெரியும். அவரிடம் கேட்டு எழுது.

பேச்சிக்கு என் முத்தம்.

உன் தம்பி,
மலையாண்டி


வாடிப்பட்டி
26.11.1978

அன்புத் தம்பி மலையாண்டிக்கு,

அக்கா ரெங்கம்மாள் எழுதிக்கொண்டது. நாங்கள் மூவரும் நல்லபடியாக இருக்கிறோம். காய்ச்சல் விட்டதும் ஓட்டல் சோற்றைத் தின்னாதே, கஞ்சி வைத்துக் குடி. எண்ணெய் தேய்த்துக் குளிக்க இன்னும் ஒரு வாரம் போகட்டும்.

உன் கடிதத்தை மரவாடியில் வைத்தே படித்துக் காட்டினேன். மில் சத்தத்தில் காது கேட்கவில்லை என்று மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டார். வேலையாட்கள் எல்லாரும் கேட்டார்கள். உன் மச்சான் முகத்தில் சிரிப்பைப் பார்ப்பது அபூர்வம் என்று உனக்குத் தெரியும். அன்று சிரித்தார்.

"வேம்பும் வாகையும் நல்ல யோசனைதான். ஆனா தை மாசத் தேய்பிறையில வெட்டணும். அறுத்து, நடுவுல குச்சி குடுத்து, நெழல்ல அடுக்கி ஆறு மாசம் காயவிடணும். அதுக்கு முன்னாடி அவன் ஆணியைத் தூக்கிக்கிட்டு வந்தா நான் குடுக்க மாட்டேன். எழுது" என்றார்.

"அவன் படிச்சவன், அவனுக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரியும். தெரிஞ்சவன்கிட்டயும் சொல்லிப்புடணும்" என்றார்.

ஆறு மாசம். அதை மட்டும் மறந்துவிடாதே. வேறு சங்கதி இல்லை. பேச்சி உன் முத்தத்தை வாங்கிக்கொண்டு, மாமா வரும்போது ரிப்பன் வாங்கி வரச் சொன்னாள்.

உன் அக்கா,
ரெங்கம்மாள்


சென்னை
9.1.1979

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி மலையாண்டி எழுதுவது. உடம்பு இப்போது இரும்பு மாதிரி இருக்கிறது. உனக்கு முழங்கால் வலி வந்ததாகப் பெரியப்பா வீட்டுச் சங்கிலி அண்ணன் எழுதியிருந்தார். நீ ஏன் எழுதவில்லை?

உன் பதில் கிடைத்தும் உடனே எழுதாததற்குக் காரணம், ஒரு சண்டையை முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். அறக்கட்டளைக்காரர்கள் மதுரையில் கூட்டம் போட்டார்கள். பெரிய பெரிய ஆட்கள். செயலாளர் முதல் கேள்வியே, "வேப்ப மரத்துல கட்டடமா? ஆட்டுக் கொட்டகை மாதிரி இருக்காதா?" என்று கேட்டார். நான் எழுந்து ஒரு மணி நேரம் பேசினேன். வேப்பந்துண்டு ஒன்றை மேஜையில் வைத்துத் தண்ணீர் ஊற்றி, அது ஊறாமல் வழிந்தோடுவதைக் காட்டினேன். இந்த ஊர் வெயிலையும் காற்றையும் குடித்து வளர்ந்த மரத்துக்கு இந்த ஊர் வெயிலையும் காற்றையும் தாங்கத் தெரியும் என்றேன். எங்கள் தலைமை ஆர்க்கிடெக்ட் எல்லார் முன்னாலும் என் தோளைத் தட்டினார். முடிவாகிவிட்டது!

திறப்பு விழா ஆவணியில். தையில் வெட்டினால் ஆடிக் கடைசியில் ஆறு மாசம் சரியாக வந்துவிடும். பலகை காய்ந்த பிறகுதான் சுவரில் ஏறும் என்று கூட்டத்திலேயே சொல்லிவிட்டேன். மச்சானிடம் சொல், அவர் மாப்பிள்ளை அவர் பேச்சை மறக்கவில்லை.

பொங்கலுக்கு வர முடியாது போலிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே.

உன் தம்பி,
மலையாண்டி


வாடிப்பட்டி
18.2.1979

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எல்லோரும் சுகம். முழங்கால் வலி எனக்குப் பழகிவிட்டது, அதை ஒரு சேதி என்று எழுதுவதா?

மரம் வெட்டி முடிந்தது. வாகை அறுத்தால் தும்மல் வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறாயா? மூன்று நாள் மில்லில் இருந்த அத்தனை பேரும் தும்மினார்கள். சோறு கொண்டுபோன நானும் பேச்சியும் தும்மிக்கொண்டே வீடு வந்தோம். ஊரே சிரித்தது.

உன் மச்சான் யார் யார் வரப்பில் எந்த மரம் என்று அவரே நடந்து போய்ப் பார்த்துத்தான் எடுத்தார். மருது வீட்டுக் கிணற்றடி வேம்பை அவர்கள் கொடுக்க யோசித்தார்கள். "பிள்ளைத்தாச்சிப் பொம்பளைங்க படுக்கிற எடத்துக்குப் போகுது. ஒங்க மருமகளும் அங்கதான் போவா" என்று சொன்னதும் கொடுத்துவிட்டார்கள். வெட்டின ஒவ்வொரு மரத்துக்கும் இரண்டு கன்று வைத்து, அவரே சைக்கிளில் குடம் கட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் ஊற்றி வருகிறார்.

பலகையெல்லாம் கொட்டகைக்குள் குச்சி வைத்து அடுக்கியிருக்கிறது. உள்ளே போனால் ஈர வேம்பின் வாசனை மூக்கை அடைக்கிறது. சாயங்காலத்தில் யாராவது வந்து எட்டிப் பார்த்து, "இதுதான் ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். மலையாண்டி போட்ட பிளான் என்று நானும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
ரெங்கம்மாள்


சென்னை
14.3.1979

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

அவசரமாக எழுதுகிறேன். திறப்பு விழாவைச் சித்திரை முதல் நாளுக்கு மாற்றிவிட்டார்கள். திறந்துவைக்க வருகிற பெரிய மனிதருக்கு ஆவணியில் தோது இல்லையாம். அஸ்திவாரம் கார்த்திகையிலேயே போட்டு, இரவு பகலாக ஆள் வைத்துச் சுவரை எழுப்பிவிட்டார்கள், பூச்சும் முடியப்போகிறது. பலகை மட்டும்தான் பாக்கி.

இதைக் கடிதத்தில் பேச முடியாது. சனிக்கிழமை நானே வருகிறேன். அதற்கு முன்னால் மச்சானிடம் நீ ஒரு வார்த்தை சொல்லி வை.

தம்பி,
மலையாண்டி


வாடிப்பட்டி
24.3.1979

மாப்ள மலையாண்டிக்கு,

உக்கிரபாண்டி எழுதுவது. நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை. இதை எழுத வேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன். நீ ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். உடம்பு நலம்தானே?

நீ வந்து கொட்டகையில் உட்கார்ந்து அழுதபோது நான் முடியாது என்றேன். பலகை இன்னும் பச்சை. கையை வைத்தால் உள்ளங்கை குளிர்கிறது. இதைச் சித்திரை வெயிலில் நிறுத்தினால் சுருங்கும், வெடிக்கும், முறுக்கிக்கொண்டு ஆணியைப் பிடுங்கும். இது உனக்கும் தெரியும். நீயே என்னிடம் அப்படித்தான் சொன்னாய். தெரிந்தும் வேறு வழி இல்லை, உள்ளூர் மரம் இல்லையென்றால் வெளியூர்ப் பலகை வந்து இறங்கிவிடும், அதோடு உன் பேச்சும் போச்சு, உன் வேலையும் போச்சு என்றாய்.

நீ போன பிறகு உன் அக்கா எனக்குச் சோறு போட்டுவிட்டு, அவள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். அடுத்த நாளும் அப்படியே. "அவனுக்கு அப்பன் இல்ல, ஆத்தா இல்ல. நம்மதான் கைகொடுக்கணும்" என்று கடைசியில் சொன்னாள். அதனால் கொடுக்கிறேன். வேறு காரணம் இல்லை.

கொடுத்தால் என்ன செய்வாய் என்று அன்றே நீ ஒப்புக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். விழாவுக்காக மட்டும் இந்தப் பலகை ஏறும். பலகைக்குப் பலகை விரற்கடை இடம் விட்டு அடிக்க வேண்டும். விழா முடிந்து ஒரு மாதத்துக்குள், ஆடிக்காற்று வருமுன், எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். பாதிப் பலகையைக் கொட்டகையிலேயே வைத்திருக்கிறேன். அது ஆவணியில் காய்ந்துவிடும். கழற்றியதையும் காயவைத்துச் சேர்த்து நானே வந்து மாட்டிக் கொடுப்பேன். கூலி வேண்டாம்.

கழற்றுவதற்கு உத்தரவு வாங்கிக் கொடுப்பது உன் பொறுப்பு. நீ என் கையைப் பிடித்துச் சொன்னாய். நான் நம்புகிறேன்.

இப்படிக்கு,
உக்கிரபாண்டி


சென்னை
22.4.1979

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி மலையாண்டி எழுதுவது. சுகம். விழா அன்று வீட்டுக்கு வர முடியாமல் போய்விட்டது. பெரிய மனிதர்களோடு காரில் ஏறச் சொல்லிவிட்டார்கள். மறுத்தால் நன்றாக இருக்காது. நீ கறி சமைத்து வைத்துக் காத்திருந்ததாகச் சங்கிலி அண்ணன் பஸ் ஸ்டாண்டில் சொன்னார். மனசு சங்கடமாகிவிட்டது.

ஆனால் சுவரைப் பார்த்தாயா அக்கா! சாயங்கால வெயில் பட்டு, வேம்பு செம்பு மாதிரியும் வாகை தேன் மாதிரியும் நின்றதே! திறந்துவைத்தவர் பலகையைத் தொட்டுப் பார்த்து, "இது இந்த ஊர் மரமா?" என்று கேட்டார். சென்னையிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் படம் எடுத்துப் போயிருக்கிறார். எங்கள் ஆபீசில் இப்போது என்னை எல்லோரும் வேறு மாதிரி பார்க்கிறார்கள்.

பலகை கழற்றுவது பற்றிப் பேசியிருக்கிறேன். மச்சானிடம் சொல்.

உன் தம்பி,
மலையாண்டி


வாடிப்பட்டி
3.6.1979

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் உயிரோடும் உடம்போடும் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்?

கத்திரி வெயில் உன் மச்சான் சொன்னதையே செய்துவிட்டது. பலகைகள் சுருங்கி நடுநடுவே சுவர் தெரிகிறது. சில பலகை அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. அவர் மூன்று தடவை ஏணியோடு போனார். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. செயலாளரைப் பார்க்க மதுரைக்குப் போய், அவர் வீட்டு வாசலில் மத்தியானம்வரை நின்றார். "ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்லருந்து எழுதி வரட்டும். இப்பத்தான் தெறந்துருக்கு, அதுக்குள்ள கழட்டினா ஊர் சிரிக்கும்" என்று அவர் சொன்னாராம்.

பேசியிருக்கிறேன் என்று எழுதினாயே, யாரிடம் பேசினாய்? என்ன சொன்னார்கள்? ஒரு வரி எழுதி அனுப்பச் சொல், போதும். மற்றதை உன் மச்சான் பார்த்துக்கொள்வார்.

உன் அக்கா,
ரெங்கம்மாள்


வாடிப்பட்டி
8.7.1979

தம்பிக்கு,

நலம். என் கடிதம் கிடைத்ததா? பதில் இல்லை. சங்கிலியைப் போஸ்ட் ஆபீசுக்கு அனுப்பி உன் ஆபீசுக்குப் போன் போடச் சொன்னேன். நீ வெளியே போயிருப்பதாக யாரோ சொன்னார்களாம்.

காற்று எடுத்துவிட்டது. மேற்கேயிருந்து ஓலமிட்டுக்கொண்டு வருகிறது. உன் மச்சான் வாசலில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்து வருவதில்லை. ஒரு வரி எழுது, தம்பி. காய்ச்சல் கீய்ச்சல் என்றால் அதையாவது எழுது.

அக்கா


வாடிப்பட்டி
5.8.1979

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் சுகம் தெரியவில்லை. இங்கே சுகம் இல்லை.

ஆடிப்பெருக்குக்கு இரண்டு நாள் முந்தி மத்தியானம் காற்றில் மேற்குச் சுவரின் மேல்வரிசைப் பலகை நாலைந்து மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டு விழுந்தது. கீழே ஆயா ஒச்சாயி பிள்ளைத் துணிகளைக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தாள். உனக்கு அவளைத் தெரியும், நம் தெருக் கடைசி வீடு. புருஷன் செத்த பிறகு இந்த ஆஸ்பத்திரியில்தான் வேலை கிடைத்தது. வலது தோள் நொறுங்கிவிட்டது. மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். உயிர் பிழைத்துக்கொள்வாள், கை இனி மேலே தூக்க வராது என்று டாக்டர் சொல்கிறார். அவளுக்கு வயது என்னைவிடக் குறைவு.

உன் மச்சானைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்ச் சாயங்காலம்வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். "பச்சை மரத்த வித்தியாய்யா?" என்று கேட்டார்களாம். "குடுத்தேன்" என்று மட்டும் சொன்னாராம். யார் கேட்டார்கள், ஏன் கொடுத்தேன் என்று சொல்லவில்லை. நீ வந்து சொல்வாய் என்று இருக்கிறார்.

அறக்கட்டளைக்காரர்கள் விசாரணை வைக்கப்போகிறார்களாம். உன்னையும் கூப்பிடுவார்கள். நீ யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொல். விழாவை முன்னால் தள்ளினார்கள், நான் போய்க் கேட்டேன், அவர் மாட்டேன் என்றார், பிறகு கழற்றிவிடுவதாகச் சொல்லி வாங்கினேன். அவ்வளவுதான்.

அக்கா,
ரெங்கம்மாள்


சென்னை
19.8.1979

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி மலையாண்டி எழுதுவது. உங்கள் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. இடையில் வேலை விஷயமாகப் பெங்களூரில் இருந்தேன். மச்சானுக்கு உடம்பு எப்படி இருக்கிறது? உன் முழங்கால் வலிக்கு இங்கே ஒரு தைலம் நல்லதாகக் கிடைக்கிறது, வரும்போது வாங்கி வருகிறேன். பேச்சி எந்த வகுப்புக்குப் போயிருக்கிறாள்?

ஒச்சாயி விஷயம் கேட்டு ரொம்ப வருத்தப்பட்டேன். விசாரணைக்கு எங்கள் தலைமை ஆர்க்கிடெக்டோடு வருகிறேன். நேரில் பேசிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் கடிதத்தில் எழுத முடியாது. மச்சானைத் தைரியமாக இருக்கச் சொல்.

தம்பி,
மலையாண்டி


வாடிப்பட்டி
23.9.1979

மலையாண்டிக்கு,

ரெங்கம்மாள் எழுதுகிறேன்.

விசாரணை அன்று நீ முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். ஆனால் ஒரு தடவைகூடத் தலையைத் தூக்கவில்லை. அதனால் நீ பார்க்காததை எழுதுகிறேன்.

நான் ஜன்னலுக்கு வெளியே ஒச்சாயி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் மச்சான் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, ஓரத்தில் நின்றார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. உன்னோடு வந்தவர், பலகை காய்ந்த பிறகுதான் ஏற வேண்டும் என்று நாங்கள் கூட்டத்திலேயே சொல்லிவிட்டோம் என்றார். பொய் இல்லை, நீ சொன்னதுதான். பிறகு செயலாளர் உன்னைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, ஒங்களுக்குச் சொந்தக்காரர்னு சொல்றாங்க. மரம் காஞ்சிருச்சான்னு நீங்க கேட்டீங்களா?"

நீ மேஜையைப் பார்த்துக்கொண்டே, "சப்ளை பண்றவர் சொல்றத நம்பித்தான் சார் வேலை செய்றோம்" என்றாய்.

"காஞ்சதுன்னுதான் சொன்னாரா?"

நீ மேஜையில் இருந்த தாளைத் திருப்பி வைத்தாய். எனக்கு அப்போதுகூட நம்பிக்கை இருந்தது, மலையாண்டி. என் வாய் தானாக உன் பேரைச் சொன்னது. உனக்குக் கேட்டிருக்காது. "ஆமா" என்றாய்.

அப்போது உன் மச்சான் உன்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் தேறியிருப்பேன். பள்ளிக்கூடத்தில் பரீட்சை தவறிய பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?" என்று அவரைக் கேட்டபோது, "அவுக சொன்னதுதான்" என்றார்.

நடந்து வீட்டுக்கு வரும்போது நான் தெருவென்றும் பார்க்காமல் கத்தினேன். "ஏன் வாயத் தொறக்கல? ஏன் தொறக்கல?"

"நான் தொறந்தா அவன் வேலை போயிரும். அவன வளத்தது நீ. என் வாயால ஒன் தம்பி பொழப்பு போச்சுன்னு நாளைக்கு நீ நெனைக்கக் கூடாது" என்றார்.

நான் என்ன நினைப்பேன் என்று அவரால் யோசிக்க முடிந்தது. உன்னால் முடியவில்லை.

ஒச்சாயிக்கு நாங்கள்தான் சோறு கொண்டுபோகிறோம். அவள் மகள் இப்போது எங்களோடு இருக்கிறாள். ஒச்சாயிக்கு எல்லாம் தெரியும். உன்னைத் திட்டவில்லை. "அந்தத் தம்பி பயந்துருச்சு" என்று மட்டும் சொன்னாள்.

ரெங்கம்மாள்


சென்னை
10.1.1980

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கல் வாழ்த்துகள். நான் நலமாக இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். எழுத நாள் ஆகிவிட்டது.

ஆபீசில் எனக்குப் பொறுப்பு கூடியிருக்கிறது. ஆஸ்பத்திரி மேற்குச் சுவருக்கு ஆஸ்பெஸ்டாஸ் தகடு போட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். முடிவு மேலே எடுத்தது, என்னைக் கேட்கவில்லை. நம் பக்கத்து மரத்தைப் பற்றி இனி யாரிடமும் பேச முடியாதபடி ஆகிவிட்டது என்பதுதான் என் வருத்தம். நம் நாட்டில் புதிதாக ஒன்று செய்வது எவ்வளவு கஷ்டம் பார்த்தாயா?

மச்சான் மில் எப்படி ஓடுகிறது? கோடையில் ஒரு வாரம் வந்து தங்கலாம் என்று இருக்கிறேன். பேச்சிக்கு ஒரு பாவாடைத் துணி பார்த்து வைத்திருக்கிறேன். அளவு எழுது.

உன் தம்பி,
மலையாண்டி


வாடிப்பட்டி
16.3.1980

மலையாண்டிக்கு,

இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். நீயும் நன்றாகத்தான் இருப்பாய்.

மில் ஓடுகிறதா என்று கேட்டிருந்தாய். விசாரணைக்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. நிலைக்கதவுக்குச் சொல்லி வைத்திருந்தவர்கள்கூட வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். ஐப்பசியில் மிஷினை விற்றார். மதுரையில் சேக் மைதீன் பாய் மரக்கடையில் இப்போது அவருக்கு வேலை. பாய் தங்கமான மனிதர். "நீங்க என் கடையில நிக்கிறது எனக்குத்தான் பெருமை அண்ணே" என்று சொல்லித்தான் கூட்டிப்போனார். கப்பலில் வந்து இறங்குகிற வெளிநாட்டு மரத்தை இவர் அளந்து அடுக்குகிறார்.

கொட்டகையில் நிறுத்தி வைத்த பாதிப் பலகை ஆவணியிலேயே காய்ந்துவிட்டது. ஒன்றுகூட வளையவில்லை, ஒன்றுகூட வெடிக்கவில்லை. தட்டினால் வெண்கலம் மாதிரி சத்தம். உக்கிரபாண்டி மரம் என்றதும் அதை யாரும் வாங்கவில்லை. கடைசியில் செங்கல் சூளைக்காரன் விறகுக்கு எடுத்துப் போனான். வண்டியில் ஏற்றும்போது உன் மச்சான் ஒவ்வொரு பலகையையும் கையால் தடவிக் கொடுத்தார். நான் உள்ளே போய்விட்டேன்.

மேற்குச் சுவர் வார்டில் மத்தியானத்தில் யாரும் படுப்பதில்லை. பிள்ளை பெற்றவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு நடைக்கு வந்துவிடுகிறார்கள்.

பாவாடைத் துணிக்கு அளவு கேட்டிருந்தாய். பேச்சி மாசி மாதம் பெரியவளாகிவிட்டாள். சடங்கு போன வாரம் முடிந்தது. உனக்குத் தபால் போடவில்லை. தபால் வழியில் தொலைந்தது என்று நினைத்துக்கொள்ளாதே.

தாய்மாமன்தான் குச்சு கட்ட வேண்டும். பெரியப்பா மகன் சங்கிலி வந்து பச்சை ஓலை வெட்டிக் கட்டினான். மாலையும் அவன்தான் போட்டான். சீர்த்தட்டு அவன் வீட்டிலிருந்துதான் வந்தது. தட்டு எடுத்து வந்த பெண்கள், "கூடப் பொறந்தவன் எங்கடி? மெட்ராஸ்ல பெரிய பெரிய கட்டடமா கட்டுறானாமே, மருமகளுக்கு ஒரு குச்சு கட்ட வரலையா?" என்று கேட்டார்கள். உன் மச்சான் அப்போதும், "அவனுக்கு லீவு கெடைக்கல" என்று சொல்லி உன்னைக் காப்பாற்றப் பார்த்தார்.

நான் விடவில்லை. "நாங்க அவனுக்குச் சொல்லல" என்று சபையில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

பேச்சி குச்சுக்குள்ளிருந்து என்னைக் கூப்பிட்டு, "மாமா இனிமே வரவே மாட்டாராம்மா?" என்று கேட்டாள். அவளுக்கு நெற்றியில் பொட்டு வைத்துவிட்டு, உன் மாமா சங்கிலி வெளியில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்றேன்.

கோடையில் வர வேண்டாம்.

இப்படிக்கு,
உக்கிரபாண்டி மனைவி
ரெங்கம்மாள்